முன்தளத்துக்கு ஒரு மீன்

மீன் வந்த வேகத்திலேயே போய்விட்டது. நெல்டா டக்கெட் கம்பைத் தலைக்கு மேலே தூக்கி இழுத்த இழுப்பில், ஈயத்தலையும் தகடும் ரப்பர் குஞ்சமும் சேர்ந்த தூண்டில் தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, அவள் காதை உரசிப் பறந்து, படகின் முன்தளத்தில் நின்றிருந்த கணவன் ராய்ஸின் தொப்பியைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் விழுந்தது. தொப்பி தண்ணீரில் மிதந்தது. ராய்ஸ் அதைக் கைவலையால் அள்ளி எடுத்து, பிழிந்து, ஈரத்தோடு தலையில் வைத்துக்கொண்டான்.

"மீனைப் பிடிடின்னா புருஷனைப் பிடிக்கிறே. என்னைத்தான் ஏற்கெனவே பிடிச்சாச்சே."

"அப்பவே சின்னதா இருக்குன்னு தண்ணியில விட்டிருக்கணும்," என்றாள் நெல்டா.

சொன்னாளே தவிர, வயிறு எரிந்தது. காலையிலிருந்து இது இரண்டாவது மீன். முதலாவதும் இப்படித்தான், வாயில் வைத்தது தெரிந்த மறுநொடியே கைநழுவிப் போனது. ராய்ஸோ விடிந்ததும் விடியாததுமாக ரப்பர் புழுவைப் போட்டு, நாலு பவுண்டு தேறும் ஒரு பாஸ் மீனைப் பிடித்துப் படகின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, அலபாமா மாநிலத்தையே விலைக்கு வாங்கியவன் மாதிரி விசிலடித்துக்கொண்டிருந்தான்.

பிரையர்ஸ் கிரீக் ஏரியின் மீன்பிடிக் கழகம் ஒவ்வொரு வசந்தத்திலும் தம்பதிகள் போட்டி ஒன்று நடத்தும். கோப்பை யாருக்குப் போனாலும் யாரும் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் வேறொன்றுக்காக. ஒவ்வொரு படகிலும் கணவன் மனைவி இருவரில் யார் பெரிய மீனைப் பிடிக்கிறார்களோ, அடுத்த போட்டி வரை அந்தப் படகின் முன்தளம் அவர்களுக்கு. இது கழகத்தின் எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பொய் சொன்னாலும் சொல்வார்களே ஒழிய, இதில் யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

முன்தளம் என்றால் சும்மா இல்லை. அங்கே நிற்பவர் காலடியில்தான் சின்ன மோட்டாரின் மிதி இருக்கிறது. படகு எந்தக் கரைக்குப் போக வேண்டும், எந்த மரக்கட்டை அருகே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கால் சொல்வதுதான். முதல் வீச்சும் அவருக்கே. பின்னால் நிற்பவருக்குக் கிடைப்பது, இன்னொருவர் கலக்கிவிட்டுப் போன எச்சில் தண்ணீர். கல்யாணமான நாளிலிருந்து நெல்டா பார்த்தது அந்த எச்சில் தண்ணீரையும், அதற்கு முன்னால் ராய்ஸின் முதுகையும்தான். நல்ல முதுகுதான், அதற்காக ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு தடவையாவது எங்கே போவது என்று தான் தீர்மானிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதை ராய்ஸிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிடுவான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

அவன் போன வழியிலேயே அவனைப் போலவே புழுவைப் போட்டால் எதுவும் மிஞ்சாது என்றுதான் அவள் இந்தத் தகட்டுத் தூண்டிலுக்கு மாறியிருந்தாள். ரீலைச் சுற்றினால் முன்னாலிருக்கும் தகடு படபடவென்று அடித்துக்கொண்டு வரும். அந்த அதிர்வு தூண்டில் நரம்பு வழியாக ஏறிக் கைப்பிடியில் குறுகுறுக்கும். புழுவை ஒதுக்கிவிட்டுப் பாசிக்குள் படுத்திருக்கும் மீனைக்கூட அது உசுப்பிவிடும். உசுப்பிவிட்டது என்னவோ உண்மைதான். படகு வரை ஒன்றும் வந்து சேரவில்லை.

"கையில தட்டுச்சுன்னா உடனே வெட்டி இழு. அதோட ரெண்டு கண்ணும் ஒண்ணாயிடணும்," என்பதுதான் ராய்ஸ் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் அப்பா அவனுக்குச் சொன்னது. நெல்டாவின் தோளில் அது ஊறிப்போயிருந்தது. தூக்கத்தில் யாராவது காலைச் சுரண்டினால்கூட வெட்டி இழுத்துவிடுவாள்.

வெயில் ஏறியது. பசித்தது. நெல்டா தூண்டிலை வீசிவிட்டு, கொண்டுவந்திருந்த, சாசேஜ் இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியைப் பிரித்தாள். ஒரு கடி கடித்தபோது காகிதம் காற்றில் பறக்கப் பார்த்தது. அதை முழங்காலால் அமுக்கி, பிஸ்கட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு, கம்பை அக்குளில் இடுக்கியபடி ரீலை மட்டும் சுற்றினாள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையில் இருந்த குறுகுறுப்பு அப்படியே நின்றுபோனது. மீன்! தோள் துடித்தது. ஆனால் கம்பு அக்குளில் மாட்டிக்கொண்டிருந்தது, வெட்டி இழுக்க வழியில்லை. வேறென்ன செய்வது, சுற்றிக்கொண்டே இருந்தாள். தொய்ந்த நரம்பு மெல்ல இறுகியது. கம்பு தானாக வளைந்தது. வளைந்த பிறகு பார்த்தால், மீன் மாட்டியிருந்தது.

"ம்ம்ம்! ம்ம்ம்!" என்றாள் பிஸ்கட்டோடு.

ராய்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. மீன் இரண்டு பவுண்டுக்கு மேல் இருக்காது. ஆனால் கொக்கி மேல்தாடையின் மூலையில் ஆணி அடித்தது போல இறங்கியிருந்தது. குறடு வைத்துத்தான் கழற்ற முடிந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்றான் ராய்ஸ்.

நெல்டா பிஸ்கட்டை மென்றபடி யோசித்தாள். மீன் பின்னாலிருந்து துரத்தி வந்து தூண்டிலைத் தண்ணீரோடு உறிஞ்சுகிறது. உறிஞ்சிய வேகத்தில் படகுப் பக்கமாகவே வந்துகொண்டிருக்கிறது. அப்போது நரம்பில் இறுக்கம் ஏது? வாயை அது சரியாக மூடக்கூட இல்லை, அதற்குள் நான் வெட்டி இழுத்தால் தூண்டில் வெளியே வராமல் என்ன செய்யும்? ராய்ஸ் சொன்னதில் தப்பில்லை. அசையாமல் கிடக்கும் புழுவுக்கு அது சரி. ஓடிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு அல்ல. அவன் பாடத்தை என் தூண்டிலில் கட்டி வைத்துக்கொண்டு, இத்தனை நாள் மீனைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது.

அவள் கையிலிருந்த கம்பும் ராய்ஸ் கழித்துக் கொடுத்ததுதான், இரும்புக் கம்பி மாதிரி விறைப்பானது. அதை வைத்துவிட்டு, பக்கத்துப் பெட்டியிலிருந்து பழைய கண்ணாடியிழைக் கம்பு ஒன்றை எடுத்தாள். நுனி துவண்டு வளையும்.

"அந்த நூடுல்ஸை எதுக்கு எடுக்கிறே?"

"நூடுல்ஸ் சாப்பிடத்தான். நீ உன் புழுவைப் பாரு."

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இழுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று. செய்து பார்த்தால் தெரியும். அடுத்து வந்த மீனுக்குத் தோள் அவளைக் கேட்காமலே துள்ளிவிட்டது. போயிற்று. நெல்டா தன் வலது தோளைப் பார்த்து, தேவாலயத்தில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். அதற்குப் பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு வீசினாள். ஒன்று மாட்டியது, அதுவும் நடுத்தரம். ராய்ஸின் நாலு பவுண்டு தொட்டிக்குள் நிம்மதியாகச் செவுளை ஆட்டிக்கொண்டிருந்தது.

கரைக்குத் திரும்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. ராய்ஸ் ஒரு பாசித் திட்டின் ஓரமாகப் படகை ஓட்டி, நாலைந்து முறை புழுவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் இல்ல, கிளம்பலாம்," என்று கம்பை வைத்தான்.

"ஒரு வீச்சு," என்றாள் நெல்டா.

அவன் கைவிட்ட அதே இடத்துக்குத்தான் வீசினாள். தூண்டில் பாசியில் சிக்கியது. ஒரு சொடுக்கில் அது விடுபட்டதும் தகடு மறுபடி படபடத்தது. பிறகு படபடப்பு நின்றது. தட்டல் இல்லை, இழுப்பு இல்லை. நரம்பு தொளதொளவென்று மிதந்தது.

ராய்ஸும் அதைப் பார்த்துவிட்டான். "இழு! நெல்டா, இழு! வெட்டி இழு!"

இத்தனை வருடக் குரல் அது. தோள் எகிறியது. நெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையை விலாவில் அழுத்தி, ரீலைச் சுற்றினாள். வேகமாக, இன்னும் வேகமாக. தொய்வு தீரவே தீராதோ என்று தோன்றியது. அவன் கத்திக்கொண்டே இருந்தான். "போச்சு, போச்சு!" என்று அவன் கைகளை உதறியபோது, நுனி தாழ்ந்தது, பிறகு பாதிக் கம்பு, பிறகு கைப்பிடி வரை. அந்தப் பாரம் முழுவதும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவள் இடுப்பைத் திருப்பி, கம்பைப் பக்கவாட்டில் நிதானமாகச் சாய்த்து இழுத்தாள்.

பாசித் திட்டு வெடித்தது. தண்ணீருக்கு மேலே எழும்பிய வாயில் ஒரு ஆளின் கைமுட்டி தாராளமாகப் போகும்.

"யம்மாடி!" என்றான் ராய்ஸ்.

மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. துவண்ட கம்பு அதன் ஒவ்வொரு உதறலுக்கும் வளைந்து கொடுத்தது. நெல்டா மண்டியிட்டு, கம்பைத் தண்ணீருக்குள் அமுக்கி, மீனைச் சுற்றிக் கொண்டுவந்தாள். ராய்ஸ் கைவலையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். வலைக்குள் போனால் தன் முன்தளமும் சேர்ந்து போகும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"ராய்ஸ் டக்கெட், வலையில கோட்டைவிட்டே, இன்னிக்கு ராத்திரி நாய்கூடத்தான் உனக்குப் படுக்கை."

"வாயை மூடிட்டு மீன் தலையை இந்தப் பக்கம் திருப்புடி!"

ராய்ஸ் குப்புறப் படுத்து, கையைத் தோள் வரை தண்ணீருக்குள் விட்டு, ஒரே வீச்சில் அள்ளினான். வலையைத் தூக்கும்போது அவனுக்கே மூச்சு வாங்கியது. ஆறு பவுண்டுக்குக் குறையாது. அவன் மீனைப் பார்த்தான், கொக்கி இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஏரியே திரும்பிப் பார்க்கும்படி ஊளையிட்டான். அவளைவிட அவனுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை என்று பக்கத்துப் படகிலிருந்தவர்கள் அப்புறம் சொன்னார்கள்.

"நான் கத்தினப்போ ஏன் இழுக்கல?"

"நீ கத்தினதாலதான்," என்றாள் நெல்டா. அழுகையும் சிரிப்புமாக வந்தது, துடைத்துக்கொண்டாள்.

படகுத்துறையில் எடை போடும் ஓப்பல் ஸ்டீகல் தராசைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள், பிறகு மைக்கைப் பிடித்தாள். "டக்கெட் படகு. பெரிய மீன், ஆறு பவுண்டு சொச்சம். பிடிச்சது ராய்ஸ் இல்லைங்க. பொண்டாட்டி!" கூடியிருந்த மனைவிமார்கள் போட்ட சத்தத்தில் வாத்துகள் பறந்தன. மீனைத் தண்ணீரில் விட்டார்கள். வாலை ஒரு முறை அடித்துவிட்டுப் போனது. "ஏம்மா, என்ன நிக்கிறே? உன் இடத்துல போய் நில்லு!" என்றாள் ஓப்பல்.

நெல்டா முன்தளத்தில் ஏறினாள். ராய்ஸ் பின்னால் போய், காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்தான். அவள் மிதியை மிதித்தாள். படகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. துறையில் சிரித்தார்கள். மாற்றி மிதித்தாள், அந்தப் பக்கமாக ஒரு சுற்று. அவளும் சிரித்தாள். மூன்றாவது முறை படகின் மூக்கு நேரானது.

"படகை ஏத்துற டிரெய்லர் வண்டி இந்தப் பக்கம், நெல்டா," என்றான் ராய்ஸ் பின்னாலிருந்து.

"தெரியும்."

கால் அழுத்தியது. படகு கோணலும் மாணலுமாக ஏரியின் நடுவை நோக்கிப் போனது. ஓப்பல் கூப்பிட்ட அடுத்த ஜோடியின் பெயர் தண்ணீர்மேல் வந்து தேய்ந்தது. அவளுக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. சாயும் வெயிலில் தண்ணீர் கரையிலிருந்து கரை வரை ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.