கம்பெனிப் பூட்டு

யாரோ பயன்படுத்தி விற்ற பழைய போனை வாங்கியிருந்தாள்; அதில் அவளுடைய சிம் எடுக்கவில்லை. முதலில் விற்ற கம்பெனி, தன் சிம் மட்டும்தான் எடுக்கும்படி அதைப் பூட்டி வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஷிஃப்டுக்கு நாளை போனில்தான் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். கம்பெனி ஆபீஸுக்கு நாயாய் அலைந்து, பூட்டைத் திறக்கும் எண்ணோடு வீட்டுக்கு வந்தாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். "நானே திறக்கப் பார்த்தேன்க்கா. உன் பொறந்த நாள், என் பொறந்த நாள், மாமா பொறந்த நாள் எல்லாம் போட்டேன். தப்புத் தப்பா நிறைய தடவை போட்டதால, இனிமே எந்த எண்ணும் எடுக்காதாம்."

"மடையா! கம்பெனிக்காரன் உன் பொறந்த நாளை வெச்சாடா பூட்டுவான்?"

"உதவிதானேக்கா செஞ்சேன்..."

"இன்னொண்ணும் செய். உன் போனைக் கொடு."

பிடுங்கி, அவன் சிம்மைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை வெச்சுப் பல்லு குத்து."

தன் சிம்மை அவன் போனில் போட்டாள். எடுத்தது.