பெத்தியா ரான்கின் தூங்கிய கப்பல்

1907ஆம் ஆண்டு ஜூலையில், கிளாஸ்கோ நகரத்து ஆலைகளெல்லாம் பத்து நாள் மூடிக்கிடக்கும் விடுமுறையின் முதல் சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, பெத்தியா ரான்கின் என்ற சலவைக்காரி 'லேடி மார்ஜரி' ஸ்டீமரின் மேல்தளத்தில் இடப்பக்கத்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிப்போனாள். ஏழு வருஷமும் மூன்று மாதமும் தூங்கினாள். அந்த வருஷம் ஹெர்ரிங் மீன் நன்றாகக் கிடைத்தது. உருளைக்கிழங்கில் மட்டும் கொஞ்சம் நோய் இருந்தது.

அவள் புருஷன் டூகல், கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடிக்கிறவன். அந்தச் சத்தத்தில் காது பாதி போய், எதையும் உரக்கத்தான் பேசுவான். ஒரே மகள் மெய்ஸிக்கு அப்போது ஒன்பது வயது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர்கள் ஊரைவிட்டு வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. ரயில் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தைப் பெத்தியா இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்: ஊதா மலைகள், சிவப்புப் புகைபோக்கி வைத்த ஸ்டீமர், தளத்தில் வெள்ளைக் குடையோடு ஒருத்தி. மூன்று விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள் அவள். வாரத்தில் ஆறு நாளும் கை சலவைக் காரத்தண்ணீரில். வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசி மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்து, சனிக்கிழமை விடியலில் ரயிலேறி, உட்கார இடமில்லாமல் இன்வர்கெல்டி வரை நின்றுகொண்டே வந்தாள். அங்கே ரயில் துறைமேடைக்கே வந்து நிற்கும். பத்தடி நடந்தால் ஸ்டீமர். பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்தாள். கப்பல் கயிறு அவிழ்ப்பதற்குள் கண் மூடிவிட்டது.

கடல் எங்கள் மலைகளுக்குள் பதினெட்டு மைல் நுழைந்து கிடக்கிறது. அதன் அடிமுனையில் இருக்கிறது எங்கள் ஊரான ஆர்ட்வோர். அந்தப் பதினெட்டு மைலையும் பார்க்கத்தான் நகரத்து ஜனங்கள் வருவார்கள். பாறைமேல் கடல்நாய்கள் போயின, பாழடைந்த கோட்டை போயிற்று, அருவி போயிற்று, வாத்தியக்காரர்கள் மூன்று பாட்டு வாசித்தார்கள். மெய்ஸி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தபோதெல்லாம் டூகல் தடுத்தான். "விடு புள்ள, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. திரும்பி வரும்போது பாத்துக்குவா" என்றான்.

ஆர்ட்வோரில் எல்லோரும் இறங்கியபிறகு அவன் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கினான். எழுந்திருக்கவில்லை. தூக்கப் பார்த்தான். நாள் பூராவும் பெரிய சுத்தியலைத் தூக்கியடிக்கிற ஆள் அவன். அவளை ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை. கப்பலாட்கள் நாலு பேர் கைகொடுத்தார்கள். அப்போதும் முடியவில்லை. பயணிகளில் ஒரு டாக்டர் இருந்தார். நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நோவு ஒண்ணும் இல்லப்பா. அசதி. இவ்வளவு அசதி ஒரே ஆள்கிட்ட நான் பாத்ததில்ல."

"எப்ப எந்திரிப்பா டாக்டர்?"

"அது தீரும்போது."

விடுமுறை முடியும்வரை டூகல் மகளோடு அந்தக் கப்பலிலேயே போய்வந்துகொண்டிருந்தான். பதினோராம் நாள் பட்டறைச் சங்கு ஊதும். போகாவிட்டால் வேலை போய்விடும். தேநீர் அறைப் பணிப்பெண் ஃபுளோராவிடம் அவளை ஒப்படைத்துவிட்டுப் போனான். ஃபுளோரா எங்கள் ஊர்க்காரி, வாய் நீளம், மனசு கெட்டதில்லை. பெத்தியாவின் தலைமயிரைப் பின்னிவிடுவதும் நகம் வெட்டிவிடுவதும் அவள் வேலையாயிற்று. பெத்தியா சாப்பிடவில்லை, மெலியவும் இல்லை. ஆனால் கைப்பழக்கம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. ஈரத்துணி எதையாவது அவள் மடியில் போட்டால் கால்மணி நேரத்தில் காய்ந்து, மடித்தும் கிடக்கும். கப்பலாட்கள் தங்கள் காலுறைகளைக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். "தூங்குறப்பகூட அவள விடமாட்டீங்களாடா?" என்று ஃபுளோரா துடைப்பத்தை எடுத்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

டூகல் கோடையில் சனிக்கிழமைதோறும் வந்தான். செப்டம்பர் கடைசியில் கப்பலை எங்கள் துறையில் கட்டிப்போட்ட பிறகு, மாதத்துக்கு ஒருமுறை இன்வர்கெல்டியிலிருந்து கரைப்பாதையில் பனியில் நடந்து வந்தான். பெஞ்சுக்கு மேலே தார்ப்பாய் கட்டினான். முதல் வருஷமெல்லாம் அவளை எழுப்புவதற்காக அவள் காதில் வீட்டுவேலைகளைச் சொல்லிப்பார்த்தான்: கஞ்சி பொங்குது பெத்தியா, விடுதியிலிருந்து ஆள் வந்துட்டான் பெத்தியா, மெய்ஸி சட்டையைக் கிழிச்சுட்டா பெத்தியா. ஒவ்வொன்றைச் சொன்னதற்கும் அவள் தூக்கம் இன்னும் ஆழமானதாக ஃபுளோரா சத்தியம் செய்கிறாள். பிறகு அவன் நிறுத்திக்கொண்டான். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கப்பல் இடப்பக்கம் சாய ஆரம்பித்தது அடுத்த கோடையில். காப்டன் மக்ஃபி பருத்த பயணிகளை மரியாதையோடு வலப்பக்கம் உட்காரவைத்துச் சமாளித்தார். அந்தக் கோடையில்தான் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், படுத்த படுக்கையான தகப்பனாரை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டு இற்றுப்போனவள், வேறு இடமில்லாமல் பெத்தியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைமணி கழித்து எழுந்தபோது அவளிடம் அசதியே இல்லை. துறையிலிருந்து வீட்டுக்குப் பாடிக்கொண்டு போனாள். செய்தி பரவ அது போதுமாயிருந்தது. பெய்ஸ்லி நூலாலைப் பெண்கள் வந்தார்கள், சுரங்கக்காரர்கள் வந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். மலையைப் பார்க்க யாரும் திரும்பவில்லை. மூன்றாவது பெஞ்சுக்கு வரிசை நின்றது. உட்கார்ந்தவர்கள் தங்கள் களைப்பை அவளிடம் இறக்கிவைத்துவிட்டு, கை வீசிக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஊரும் உட்கார்ந்தது. மறைப்பானேன், இதை எழுதுகிறவனும் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறான். 1912இல் இடப்பக்கத் துடுப்புச் சக்கரம் அச்சு வரை தண்ணீரில் முங்கிச் சுற்றியது.

உட்காராதவன் டூகல் ஒருவன்தான். "நீயும் கொஞ்சம் இறக்கி வெய்யேன், முகம் வெளுத்துக் கிடக்கு" என்று ஃபுளோரா சொன்னாள்.

"பதினாலு வருஷமா என் அழுக்குச் சட்டையெல்லாம் அவதான் தூக்குனா" என்றான் அவன், தளம் முழுக்கக் கேட்கும்படி. "இதையும் வேற குடுக்கணுமா?"

1914இல் சண்டை வந்தது. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை கடற்படை அதிகாரி ஒருவர் எங்கள் துறைக்கு வந்து, கடலில் கண்ணிவெடி வாரும் வேலைக்கு லேடி மார்ஜரியை எடுத்துக்கொள்வதாகவும் திங்கட்கிழமை காலை கப்பல் புறப்படும் என்றும் காகிதத்தை நீட்டினார். இளம் வயது, நல்ல படிப்பு, நம்பாத கண். பெஞ்சைத் தளத்தோடு அறுத்தெடுத்து இறக்கச் சொன்னார். பாரந்தூக்கியின் சங்கிலி இரண்டு முறை அறுந்தது. பெத்தியா கலையவில்லை.

"அப்படியானா இந்த அம்மா எங்களோட கடலுக்கு வரவேண்டியதுதான்" என்றார் அதிகாரி. "எனக்கு வேற வழி தெரியல." அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்த மாதிரிக் கப்பல்களில் எத்தனை திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

தந்தி போய், டூகல் சனிக்கிழமை முதல் ரயிலைப் பிடித்து, இன்வர்கெல்டியிலிருந்து ஒரு வண்டியில் வந்தான். பதினாறு வயது மெய்ஸியும் கூட வந்தாள். துறையில் ஊரே நின்றது. டூகல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கப்பலைச் சுற்றிக் கண்ணோட்டினான், அது சாய்ந்திருந்த சாய்வைப் பார்த்தான்.

"இந்தப் பாரத்துல என் பொண்டாட்டியோடது பாதிகூட இல்ல" என்றான். "மிச்சத்த வெச்சவங்க வந்து எடுத்துக்குங்க."

 கடைசியில் இறைச்சிக்கடை ஹெக்டர், "வெச்சு அஞ்சு வருஷமாச்சு. என்னோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றான்.

"உக்காந்து பாரு, உன் இடுப்புக்குத் தெரியும்" என்றாள் ஃபுளோரா. "கொண்டாந்து போடறப்ப மட்டும் அடையாளம் தெரிஞ்சுதாக்கும்!"

முதலில் போனவர் காப்டன் மக்ஃபி. மகனைக் கடலில் தொலைத்த பிறகு, கப்பலைத் துறையில் கட்டிவிட்டுத் தினமும் கொஞ்சநேரம் அங்கே உட்கார்ந்தவர் அவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. உட்கார்ந்தார், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார். எழுந்தவருக்குப் பத்து வயது கூடியிருந்தது. கப்பலின் இடப்பக்கம் சற்று மேலெழும்பி, ஒரு விரற்கடை பச்சைப்பாசி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. டீச்சர் போனாள். ஹெக்டர் முனகிக்கொண்டே போனான். தந்தி போய், ராத்திரி ரயிலில் இறங்கி வண்டிகளில் நூலாலைப் பெண்கள் வந்தார்கள், எல்லோரும் இல்லை, பாதிப் பேர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள்; அன்று எங்கள் ஊரில் சீட்டியடிப்பதே குற்றம், சுமை தூக்குவதைச் சொல்லவேண்டியதில்லை. போதகர் கோயில் வாசலில் நின்று, "தன் சுமையத் தானே தூக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்று சொல்லிவிட்டு, அங்கியோடு நேரே பெஞ்சுக்கு வந்தார். அவருக்கும் அங்கே கொஞ்சம் கிடந்தது. அன்று பிரசங்கம் நடக்கவில்லை, நிற்க அவரால் முடியவில்லை. எங்கள் ஊர் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சற்று மெதுவாகத்தான் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கடல்காற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை கப்பல் கிட்டத்தட்ட நேராக நின்றது. கொதிகலனில் நெருப்பு போட்டாயிற்று. டூகல் அவளைத் தூக்கிப் பார்த்தான். அசைந்தாள், ஆனால் வரவில்லை. மிச்சமிருந்தது அவளுடையதும், வராதவர்களுடையதும். டூகல் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மெய்ஸி மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"நீ வேண்டாம்" என்றான் டூகல்.

"என் அழுக்குப் பாவாடையெல்லாம் இதுல இல்லியா அப்பா?" என்றாள் அவள். "கொஞ்சம் தள்ளி உக்காரு."

இருவரும் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. டூகலின் தோள் இறங்கிற்று, மெய்ஸியின் கண்ணுக்குக் கீழே கருத்தது. பிறகு அவன் எழுந்து, காய்ந்த துணிக்கூடையைத் தூக்குகிற மாதிரி பெத்தியாவைத் தூக்கிக்கொண்டு பலகை வழியாக இறங்கி, ஒரு மீன்பெட்டிமேல் அவளை உட்காரவைத்தான். கப்பல் கயிறு அவிழ்த்து, ஊதிக்கொண்டு நகர்ந்தது. அந்த ஊதல் சத்தத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஐயோ, கப்பல் போகுதே! நம்மள விட்டுட்டா போகுது?"

"நீ ஏறி, வந்து, இறங்கிட்ட பெத்தியா. ஏழு வருஷம் ஆயிருச்சு."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தலையில என்ன, மாவா?"

"நரை."

"இந்தப் பொண்ணு யாரு?"

"நான்தாம்மா" என்றாள் மெய்ஸி. பெத்தியா நம்பாமல் அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்நுனிகள் சிவந்து வெடித்திருந்தன, காரத்தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடந்த கை. முகத்தை அடையாளம் தெரியாதவளுக்குக் கை தெரிந்துவிட்டது. கொஞ்சநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு டூகலைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "இவள எதுக்குய்யா சலவைத் தொட்டிக்கு அனுப்புன?" என்றாள். அவனுக்குப் பாதிக் காதுதான் கேட்கும், இது மட்டும் கேட்டது. 

இனி ஸ்டீமர் கிடையாது. ரயிலுக்குப் போவதென்றால் கரைப்பாதையில் பதினெட்டு மைல் நடக்கவேண்டும். ஹெக்டர் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். பெத்தியா வேண்டாமென்றுவிட்டாள். மூவரும் கிளம்பிப் போனதை ஊர் பார்த்தது: அவள் முன்னே, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, இருபது வயதுக்காரியின் நடை, பின்னால் அந்த இரண்டு பேரும் காலை இழுத்துக்கொண்டு. அருவியை அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள், தண்ணீரில் கை நனைத்தாள். கோட்டைக்குள் ஏறி எட்டிப்பார்த்துக் கத்தினாள். "வந்து பாரு டூகல்! மெய்ஸி, இங்க வாயேன்!" அவர்கள் கீழே சுவரில் சாய்ந்து நின்று கையை மட்டும் அசைத்தார்கள்.

ஆறாவது மைலில், கடல்நாய்ப் பாறைக்கு எதிரே, டூகல் ஒரு கல்மேல் உட்கார்ந்தான். மெய்ஸி அவன் தோளில் சாய்ந்தாள். பெத்தியா சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் தூங்கியிருந்தார்கள். அவள் அவர்களை எழுப்பவில்லை. தன் சால்வையை இருவர்மேலும் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கடல்நாய்களைப் பார்க்க ஆரம்பித்தாள். தபால்காரர் போகும்போதும் வரும்போதும் ரொட்டியும் பாலும் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் கண் விழித்தது வியாழக்கிழமை மத்தியானம்.