தொப்பிக்குள் பதினாலாம் நம்பர்

ஒலி நிதானமாக அடித்தால் பறவை உயிரோடு இருக்கிறது. படபடவென்று அடித்தால் ஒரு மணி நேரமாகத் துளியும் அசையவில்லை. ஆய்வுக்கூட ஜன்னலோரம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் அவளுக்கு இது மனப்பாடம். குளிர்காலத்துக்குக் காட்டில் வந்திறங்கிய உள்ளான் பறவைகள் பதின்மூன்றின் முதுகில், அவளும் கணவருமாகச் சின்னஞ்சிறு ஒலிக்கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். நாலு ஏற்கெனவே படபடத்துவிட்டன. நாலு தடவையும் வல்லூறு உட்காரும் மரத்தடியிலிருந்து அவர் கொண்டுவந்தது கருவியும் ஒரு பிடி இறகும்தான்.

பதினாலாம் கருவி அவருடைய தொப்பி மடிப்பில் இருந்தது. போன வருஷம் ஓடைப் பள்ளத்தில் கால் முறிந்து, நாலு மணி நேரம் நாதியற்றுக் கிடந்தார். அதற்குப் பிறகு அவள் போட்ட சட்டம். "என்னையும் பறவைக் கணக்குல சேர்த்துட்டியா?" என்று கேலி செய்வார், செருகாமல் போகமாட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பதினாலு படபடத்தது.

 தொப்பி எங்காவது விழுந்திருக்கும் என்றது மனசு. இந்தக் குளிரில் தொப்பி விழுந்தது தெரியாமல் நடக்கிற ஆளா அவர் என்றது அதே மனசு. செருப்பை மாற்றக்கூடத் தோன்றாமல் ஒலி வாங்கும் ரேடியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நெருங்க நெருங்க ஒலி வலுத்தது. அந்த நாலு பிடி இறகும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

புதரடியில் அவருடைய பூட்ஸ் தெரிந்தது. குப்புறக் கிடந்தார். அசைவே இல்லை.

"என்னங்க!"

அந்தக் கூச்சலில் தலைக்கு மேலிருந்த கிளையை விட்டு வல்லூறு விருட்டென்று பறந்தது. பூட்ஸ் அசைந்தது.

"கத்தாதடி."

 அப்படியே உட்கார்ந்தாள். அவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, சருகோடு சருகாக, நீள அலகும் கறுத்த கண்ணுமாக ஓர் உள்ளான் பதுங்கியிருந்தது.

"நான் அசைஞ்சா இது எழும்பும். எழும்பினா அந்த வல்லூறு விடாது. மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டேன்."

"ஒரே கத்துல ஓடிப்போச்சே! அதை நீங்களே கத்தியிருக்கக் கூடாதா?"

வெறுங்கிளையை நிமிர்ந்து பார்த்தார்.  "தோணலையே!"

அடிக்க ஓங்கிய கை, சில்லிட்டிருந்த அவர் முதுகிலேயே தங்கிவிட்டது. பெட்டியில் பதினாலு நிதானத்துக்கு வந்திருந்தது. அவள் நெஞ்சு இன்னும் வரவில்லை.

"நாளைக்குத் தொப்பியை நான் போட்டுக்கறேன். நீங்க உட்கார்ந்து கேளுங்க," என்றாள்.

அவர் முகத்தில் அப்போதுதான் பயம் தெரிந்தது.