எட்டு மணி நான்கு நிமிடம்

தம்பியை ஏரியில் கண்டெடுத்துப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. மூத்தவள் வாசலில் வாடகை நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்துநான்கு கேட்டதற்கு இருபத்திரண்டுதான் வந்திருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினாள். எண்ணிக்கொண்டிருக்கும் வரை யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நான்கு மணிக்கு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏரிப் படிகளில் பாசி, கால் வழுக்கியிருக்கும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலச் சொன்னார்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் நடந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை.

அப்பா கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி வழியில் சிக்கியவர்களை இருபதே நிமிடத்தில் இறக்கிவிடுவார் என்று நான்கு தெருவுக்குப் பெயர். நேற்று ஏழு மணிக்கு அம்மா, "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றபோது, "வயசுப் பையனை வேவு பாக்கச் சொல்றியா, வருவான்" என்றார். கிளம்பும்போது எட்டே முக்கால்.

"ஒரு மடக்கு டீயாவது குடிங்க மாமா" என்று சித்தி மூன்றாவது முறையாகக் கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

அப்போதுதான் ஆலோசகர் வந்தார். மூத்தவள் வேலை பார்க்கும் ஆய்வுத் திட்டத்தில் அவர்தான் மனநல ஆலோசகர். இவள் தரவு உதவியாளர். இளம் வயதினரின் மனசுக்குத் தெம்பு கொடுப்பதற்கான கைபேசிச் செயலி அது. மாலையானால் "இன்று எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும். ஒன்று என்றால் அழுகிற முகம், ஐந்து என்றால் சிரிக்கிற முகம். எதையாவது தொட்டால் மூச்சுப் பயிற்சி ஒன்று வரும். தொடர்ந்து இரண்டு நாள் ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஆலோசகரின் கைபேசியில் சிவப்பு விளக்கு எரியும். அன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிடுவார். பதிலே போடாதவர்களைக் கூப்பிட்டு நினைவூட்டுவது மூத்தவளின் வேலை.

ஆள் போதவில்லை என்று தம்பியைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். "அஞ்சு மூஞ்சி வச்சிருக்கீங்க, என் மூஞ்சியக் காணோமே அக்கா" என்று முதல் நாளே கிண்டல் செய்தான். ஆனாலும் நாற்பது நாள் ஒழுங்காகப் போட்டான். கடைசி மூன்று நாட்கள் மூன்று, மூன்று, இரண்டு. மறுநாள் போடவில்லை.

"ஏன்டா போடல? என் மானத்த வாங்காத."

"நீயே போட்டுடு அக்கா. ஆள விடு."

அவன் கணக்கைத் தன் கைபேசியில் திறந்துகொண்டாள். தினமும் எட்டு மணி வாக்கில், துணி மடிக்கும்போது, நான்கு. ஐந்து போட்டால் நம்ப மாட்டார்கள். அலுவலகத்தில் "உன் தம்பிதான்டி நம்ம ஸ்டார்" என்றார்கள். பத்தொன்பது நாட்கள்.

ஆலோசகர் அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தினமும் சொல்வானாமே. எங்கிட்டதான் ஒண்ணும் சொல்ல மாட்டான். என்னம்மா சொன்னான்?"

"காட்டக் கூடாதுங்கம்மா." ஆலோசகர் தயங்கினார். பிறகு கைபேசியை எடுத்துத் திறந்தார். "ஆனா நீங்க பாக்கணும். பாருங்க, கொஞ்ச நாளா எல்லாம் நாலு. நல்லாத்தான் இருந்திருக்கான். ரெண்டு நாள் சேந்தாப்ல குறைஞ்சிருந்தா அன்னிக்கே நான் கூப்பிட்டிருப்பேன்."

அம்மா நாளுக்கொன்றாக நின்ற அந்தப் பச்சைக் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். காலையிலிருந்து முதல்முறையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. மூத்தவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நிலைப்படியில் நின்றாள். இதையாவது அம்மா வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது தனக்கு எவ்வளவு வசதி என்பதும் தெரிந்திருந்தது.

அம்மாவின் விரல் நின்றது.

"இது நேத்து போட்டதா?"

"ஆமாம்மா. எட்டு மணி நாலு நிமிஷம்."

அம்மா மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கு இருந்திருக்கான்."

அப்பா நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கேன்னு எட்டு மணிக்குச் சொல்லியிருக்கான். அதுக்கப்புறம்தான் வழுக்கியிருக்கு. நான் ஏழு மணிக்குச் சொன்னேன். காலப் பிடிக்காத குறையாச் சொன்னேன். போயிருந்தா எம்புள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பீங்க."

"அக்கா, இப்ப எதுக்குக்கா இதெல்லாம்" என்று சித்தி குறுக்கே வந்தாள்.

அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து, யாருடையதோ போலப் பார்த்தார். "எட்டு மணிக்கா" என்றார். "அப்ப நான் செய்தி பாத்துட்டிருந்தேன்."

மூத்தவள் கூடத்துக்குள் வந்தாள்.

"அப்பா, அது அவன் போட்டதில்ல."

ஆலோசகர்தான் முதலில் திரும்பினார்.

"நான் போட்டேன். துணி மடிச்சிட்டிருந்தேன். அவன் எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. பத்தொன்பது நாளா நான்தான் போடறேன். இந்த நாலு எல்லாமே நான் போட்டது."

ஆலோசகர் கைபேசிக்காகக் கை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். சித்தியின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்பா மகளைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கைகளை மட்டும் மெதுவாக மூடினார்.

திட்டுவாள், எழுந்து வந்து அடிப்பாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். அம்மா இரண்டையும் செய்யவில்லை. பச்சைக் கட்டங்களிலிருந்து கண்ணை எடுக்காமல், கடைக்குப் போய்வந்தவளிடம் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப அவன் போட்டிருந்தா எது போட்டிருப்பான்?"

வெளியே யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றாள். "நான் கேக்கவே இல்ல."