தானாக நகர்ந்த குடம்

“குடமே வரிசையில நிக்குதே, நான் எதுக்கும்மா கூட நிக்கணும்?” என்று அவள் ஆறு வயதில் கேட்டபோது குழாயடியே சிரித்தது. பள்ளி இறுதி வகுப்புக்கு வந்த பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் பள்ளி மணி அடிப்பதும் ஒரே நேரம். அம்மா விடியும் முன்பே சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். “இன்னும் லீவு போட்டா பரீட்சை எழுத விட மாட்டாங்க” என்று டீச்சர் எச்சரித்தார்.

“தண்ணி இல்லாம வீடு எப்படி நடக்கும்? முடியலேன்னா படிப்பை நிறுத்திடும்மா” என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவள் பள்ளிக்கு ஓடினாள். ஆளில்லாத குடம் கடைசிக்குப் போக வேண்டும் என்பது குழாயடிச் சட்டம். சட்டத்தைக் காப்பவள் முதல் வீட்டுக்காரி. குரலை வைத்து அவளுக்குப் ‘பீரங்கி’ என்று பெயர்.

பீரங்கி திரும்பி நின்று கொண்டை முடிந்த நேரத்தில், தையல்காரி அந்தக் குடத்தைக் காலால் ஓரிடம் முன்னே தள்ளினாள். அதைக் கவனிக்காத பால்காரர், பாவம் என்று தன் பங்குக்குக் கொஞ்சம் தள்ளினார். செருப்புத் தைப்பவரும் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்குச் செய்த தர்மத்தில் குடம் பீரங்கியின் குடத்தையே தாண்டி, குழாய்க்கு நேர் கீழே போய் உட்கார்ந்துவிட்டது.

“யாரு இதை இங்க வெச்சது?”

தையல்காரி வானத்தைப் பார்த்தாள். “கால் முளைச்சிருக்கும்க்கா.”

“உனக்கு வாய் முளைச்சிருக்கு! பால்காரரே, நீங்க பார்த்தீங்களா?”

“கண்ணாடி போடலேன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

“பால்ல தண்ணி கலக்கிறப்போ மட்டும் நல்லாத் தெரியுதாக்கும்!”

குழாய் சீறியது. குடத்தை அகற்றக் குனிந்த பீரங்கியின் கை நின்றது. “சனியன், தண்ணி வீணாப் போகுது” என்று முணுமுணுத்து அதை நிரப்பினாள். தானே சுமந்து போய் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் இறக்கினாள்.

“நான்தான் புடிச்சேன்னு அந்தப் பொண்ணுகிட்ட எவளாவது சொன்னீங்க, தொலைச்சுடுவேன்!”

அந்தச் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டிருக்கும். உதவியை மறைக்கத் தெரியாதவர்களையும் கடவுள் மன்னித்துவிடுவார்.

பரீட்சை முடியும்வரை குடம் தினமும் தானாகவே நகர்ந்தது.

கடைசித் தாளை எழுதிவிட்டு அவள் திரும்பிய மதியம் தூறல் விழுந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. பீரங்கி வீடு பூட்டியிருந்தது. வாசல் கொடி நிறையத் துணி. அவள் ஓடிப்போய் அத்தனையையும் வாரியெடுத்து, கூரைக்கடியில் நின்று ஒவ்வொன்றாக மடித்து, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு உள்ளே அடுக்கினாள். பிறகு மழையில் நனைந்தபடி வீட்டுக்குப் போனாள்.