பின்பக்கமா வாங்க

எங்கள் தெருவை அழகாக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் மூடினார்கள். மூடுகிற வேலையை மட்டும் சொன்ன தேதியில் முடித்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதலில் கடை வாசல்களை ஒட்டி ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். ஒரு முனையில் லாரி வந்துபோக ஒரு கதவு வைத்து, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டார்கள். தகரத்தின் மேல் பெரிய படம் ஒன்று. மரம், பெஞ்சு, நீரூற்று, பலூன் பிடித்த ஒரு குழந்தை. குழாய் பதித்து, பள்ளத்தில் மண்ணை நிரப்பினார்கள். அதோடு கான்ட்ராக்டர் போனவர் போனவர்தான். வெயிலில் படம் வெளுத்து, இப்போது முகமில்லாத குழந்தை பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே தெரு முழுக்கப் புல்.

வியாபாரிகள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்க முடியுமா? எல்லோரும் பின்பக்கச் சந்துக்குத் திரும்பிவிட்டோம். சரக்கு அறையாக இருந்ததெல்லாம் கடையாயிற்று. பெயர்ப்பலகைகளைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் மாட்டினோம். முன்பக்க ஷட்டர்கள் இறங்கினது இறங்கினதுதான், துருப்பிடித்துக் கிடந்தன.

நானும் அக்காவும் சலவைக் கடை நடத்துகிறோம். மேலே வீடு என்று ஒன்றும் கிடையாது. கடைக்குள்ளேயே தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் குடித்தனம். எங்கள் பின்வாசலில் செங்குத்தாக ஏழெட்டுப் படி. எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. முன்வாசலில் தாழ்வாக ஒரே ஒரு படி. அந்த வழி இருந்தவரை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்க் காய்கறி வாங்கி, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு வருவாள். வழி போனபின் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால்தான் வெளியே வருவாள், அதுவும் இரண்டு பேர் தூக்கி இறக்கினால். தூக்கினால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "நான் என்ன அழுக்கு மூட்டையா?" என்பாள்.

மற்ற நேரமெல்லாம் ஷட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பூனை போனால் எனக்குச் செய்தி வரும். "கறுப்பு போகுதுடி. வெள்ளையோட சண்டை போல, தனியாப் போகுது."

அக்கா மகன் வேறு ஊரில் வேலையாக இருக்கிறான். "அம்மா, இங்க லிஃப்ட் இருக்கு, பால்கனி இருக்கு, வந்துடு" என்று போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள்: "இந்த வருஷம் தெருவைத் தொறந்தா நான் இங்கயே இருந்துடறேன். தொறக்கலைன்னா அவன்கூடப் போறேன். என்னால ஜன்னல்லயே குடித்தனம் பண்ண முடியாதுடி."

அக்கா இல்லாத வீட்டில் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அமையவில்லையே என்று வருத்தப்பட நேரமும் அமையவில்லை. அவள் இஸ்திரி போட்டால் நான் மடிப்பேன். அதுதான் என் வாழ்க்கை.

எங்கள் கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர் பூட்டுக்காரர். மூன்று கடை தள்ளியிருக்கிறார். சாவி தொலைத்தவர்கள் ஊரெங்கும் அவரைத்தான் தேடுவார்கள். அவரிடம் ஓடினேன். ஏற்கெனவே அவர் போட்ட மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. ஆனாலும் மனுஷர் சளைக்கிற ஆள் இல்லை.

"அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும் தங்கச்சி."

"அம்மி நகரும் அண்ணே. ஆபீஸ் நகருமா?"

நகர்ந்தது. எந்தத் தெருவில் வேலையை மறுபடி தொடங்கலாம் என்று பார்த்து முடிவு செய்ய, ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. சங்கத்தைக் கூட்டினோம். ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, எல்லோரும் கஷ்டத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிவானது. கண்ணாடிக் கடைக்காரர் தனக்கு அழவே வரும் என்று உறுதி கொடுத்தார்.

அதிகாரி சந்து வழியாகத்தான் வந்தார். சின்ன வயது, களைத்த முகம்.

"தெருவுக்குள்ள போய்ப் பாக்கலாம்னு நினைச்சேன். கேட் சாவி கான்ட்ராக்டர்கிட்ட இருக்கு. அவர் போனே எடுக்க மாட்டேங்கறார்" என்றார்.

"எங்க பாடும் அதேதான் மேடம்" என்று பூட்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பரவால்லையே, இந்தச் சந்து எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். எங்களை யாராவது பாராட்டி எத்தனை காலமாயிற்று! தையல்காரம்மா தலைக்கு மேலே கையைக் காட்டி, சந்து நெடுகத் தொங்கும் தார்ப்பாய்ப் பந்தலைத் தானே தைத்ததாகச் சொன்னாள். அழுவதாகச் சொன்ன கண்ணாடிக் கடைக்காரர், விளக்கு போட்டது தான்தான் என்று முன்னால் வந்தார். சாக்கடை மேல் போட்ட இரும்புப் பலகைமேல் ஏறிக் குதித்து, "ஆடுதா பாருங்க மேடம்! என் வெல்டிங்!" என்றார் தலைவர்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? துணிமூட்டைகளைப் படியில் தூக்கிச் சுமக்காமல் இருக்க நான் கட்டிவைத்த கப்பியைக் காட்டினேன். மூட்டையை ஏற்றி இறக்கியும் காட்டினேன்.

"வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

கடைக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. படுத்துவிட்டது என்று வெளியாளிடம் சொன்னால், இருக்கிற நாலு வாடிக்கையும் போய்விடும் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம். அதனால் நல்ல பதில் ஒன்று வாய்க்குள்ளேயே தயாராக இருக்கும்.

"ஓகோன்னு போகுது மேடம்!" என்றோம், எல்லோரும் ஒரே குரலில்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் சந்தில் அன்றைக்கு ஒரு நுணலா, ஒரு குளமே கத்தியது.

அதிகாரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். "போற இடமெல்லாம் அழுகையும் சண்டையும்தான் கேட்டுட்டு வரேன். நீங்க எவ்வளவு அழகாச் சமாளிச்சிருக்கீங்க! மோசமா இருக்கற தெருவை முதல்ல எடுத்துக்கறோம். நீங்க கொஞ்சம் பொறுத்துக்குவீங்க இல்ல?" என்றார்.

தலைவர் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கு விளங்கியது. அதற்குள் அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே போனேன். அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கப்பியை நல்லாத்தான் காட்டின" என்றாள். "அவனுக்குப் போன் போடு."

அடுத்த வாரமே மகன் வாடகைக் காரோடு வந்தான். சந்துக்குள் கார் நுழையாது. அக்காவைத் தூக்கிப் போக ஆட்கள் கூடிவிட்டார்கள். எங்கள் சந்தில் உதவிக்குப் பஞ்சமில்லை. அக்கா கைத்தடியைக் குறுக்கே நீட்டினாள்.

"யாரும் என்னைத் தூக்க வேணாம். முன்வாசல் வழியா இந்தக் கடைக்குள்ள வந்தேன். அது வழியாத்தான் போவேன்."

"அம்மா, அங்க கேட் பூட்டியிருக்கும்மா" என்றான் மகன்.

"அப்ப உக்காந்திருக்கேன்."

எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். காரைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வந்த டிரைவர் வெளியூர்க்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உதவுகிற எண்ணத்தோடுதான் கேட்டார்: "பூட்டுதானே சார்? இந்தப் பக்கம் பூட்டு தொறக்கற ஆளு யாரும் இல்லையா?"

ஒவ்வொருவராகத் திரும்பித் தலைவரைப் பார்த்தோம். அவர் தன் கையைப் பார்த்தார்.

"அது அரசாங்கப் பூட்டாச்சே" என்றார் கடைசியில். அவர் முகம் செத்துவிட்டது.

போய்ப் பையை எடுத்து வந்தார். சந்தைச் சுற்றிக்கொண்டு கதவுக்கு எல்லோரும் போனோம். அவர் குனிந்து, கம்பியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினார். நான் முந்தானையை இடுப்பில் செருகி முடிப்பதற்குள் பூட்டு வாயைப் பிளந்துவிட்டது.

"சாதாரணப் பூட்டு" என்றார் மெதுவாக. "சைக்கிள் கடைக்காரன்கூடத் தொறந்திருப்பான்."

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. எங்கள் ஷட்டருக்கு எண்ணெய் விட்டு, நாலு பேர் முட்டுக்கொடுத்துத் தூக்கினார்கள். கடைக்குள் வெளிச்சம் விழுந்தது, இஸ்திரி மேசை வரைக்கும். கார் புல்லை மிதித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அக்கா தடியை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், அந்த ஒற்றைப் படியில் இறங்கினாள்.

எனக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, தொறந்தாச்சு. நீ கேட்டது இதுதானே? பெட்டியை உள்ள வச்சிடறேன். போகாதே."

அவள் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் பார்த்தாள்.

"நான் இருக்கணும்னு நினைச்சப்ப ஒருத்தருக்கும் இது தோணலையேடி. போறேன்னு சொன்னதும் ஒரே நிமிஷத்துல தொறந்துட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. சட்டையில் பொத்தான் அறுந்திருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் போனபின் தலைவர் பூட்டோடு வந்தார். "திரும்பப் பூட்டிடவா தங்கச்சி? நாளைக்கு யாராவது வந்து கேட்டா…"

"அதுக்கும் ஒரு மனு போடுங்க அண்ணே" என்றேன். பாவம், அவரும் அழுதுவிடுவார் போலிருந்தது.

உள்ளே வந்து, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முன்வாசலில் ஏதோ நிழல் தட்டியது. பார்த்தால், ஒருவர் துணிப்பையோடு நிற்கிறார். தெரு திறந்திருப்பதைக் கண்டு நேராக உள்ளே வந்தவர்.

"கடை இருக்குங்களா?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கு" என்றேன். "பின்பக்கமா வாங்க."