கடைசியாகக் கை வைத்தது யார்

பெற்றோருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் குணாளன் ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய சாதனை. எட்டாவது நிமிடம் எழுந்து சன்னலோரம் போனார், தூரத்தில் தெரிந்த கொம்தார் கோபுரத்தைப் பார்த்தார், திரும்பி வந்தார், தண்ணீர் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். பக்கத்து நாற்காலி அம்மாள் தன் கைப்பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

மண்டபத்தின் நடுவே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபது கணினிகள். பன்னிரண்டாவது கணினியின் முன்னால் அவருடைய மகள் ரூபினி. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான கோடிங் போட்டிக்கு அவள் பள்ளியிலிருந்து வந்திருப்பது அவள் ஒருத்திதான். இப்போது ஆறாம் ஆண்டு. அடுத்த வருடம் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள். ஆகவே இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

போன வருடம் அடித்த மழையில் அவர்களுடைய பிளாட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி, குணாளனின் மோட்டார் சைக்கிள் சீட் வரைக்கும் முழுகிவிட்டது. அந்தத் துக்கத்தில் அப்பா ஒரு வாரம் வீட்டில் எல்லார் மீதும் எரிந்து விழுந்தார். மகளோ தண்ணீர் பட்டால் கண்டுபிடிக்கிற சென்சார் ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். வண்ணக் கட்டங்களைத் திரையில் இழுத்து, ஒன்றோடொன்று கோர்த்து நிரல் எழுதுகிற கருவி பள்ளியில் இருந்தது. அதில் ஆறு மாதம் மண்டையை உடைத்து, தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியதும் அலறுகிற நிரல் ஒன்றைக் கட்டி முடித்தாள். அவள் செய்ததில் அப்பாவுக்குப் புரிந்தது அலறல் மட்டும்தான். ஆனாலும் தொழிற்சாலை கேன்டீனில் அதைப் பற்றி அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

போட்டி விதி எளிமையானது. சொந்த லேப்டாப் கூடாது. நிரலை ஒரே கோப்பாகப் பென்டிரைவில் கொண்டுவந்து, மண்டபத்துக் கணினியில் இம்போர்ட் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிறகு கோப்பை யாரும் மாற்றக்கூடாது. பெற்றோர் கை வைத்ததாகத் தெரிந்தால் பிள்ளையை நீக்கிவிடுவார்கள். விண்ணப்பப் பாரத்தில் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் குணாளன்தான். ரூபினியின் முறை பதினொன்று பத்துக்கு. பத்து நிமிடம் தருவார்கள். அதற்குள் கோப்பு திறக்காவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பத்து முப்பத்தைந்துக்கு ரூபினி பென்டிரைவைச் செருகினாள். கோப்பைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது.

அவள் திரும்பி, கயிற்றுக்கு வெளியே நின்ற பிரமிளா டீச்சரைப் பார்த்தாள். கணினிக் கழகத்துக்குப் பொறுப்பான டீச்சர் அவர். டீச்சர் கையைக் காட்டி, மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் சிவப்புப் பெட்டி.

"வேற ஓட்டைல குத்திப் பாரும்மா," என்று குணாளன் கயிற்றின் மேல் சாய்ந்து குரல் கொடுத்தார். "அந்த ஓட்டை லூசா இருக்கும்."

வேறு ஓட்டையில் குத்தினார்கள். உதவிக்கு இருந்த இக்மல் என்ற இளைஞர் வந்து, பிரவுசரை மூடித் திறந்தார். கோப்பின் பெயரைச் சின்னதாக மாற்றினார். பதின்மூன்றாவது கணினிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அதே சிவப்பு. பத்து ஐம்பது ஆயிற்று. குணாளனுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை அரித்தது. ஒரு மெஷின் நின்றுபோய், அதை அடுத்தவன் திறந்து பார்க்கும்போது தான் சும்மா நிற்பது அவர் வாழ்க்கையில் இதுவரை நடந்ததில்லை.

பாயான் பாருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக அவர் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் முதலில் ஸ்குரூடிரைவரை எடுக்கமாட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். "கடைசியா யாரு கை வச்சது?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பத்தில் ஒன்பது தடவை அந்தக் கேள்வியிலேயே கோளாறு பிடிபட்டுவிடும் என்பதால் அவருக்கு அதில் தலைக்கனமும் உண்டு.

அந்தக் கேள்வியை இப்போது பிரமிளா டீச்சரிடம் போய்க் கேட்டார்.

"டீச்சர், இந்த ஃபைல்ல கடைசியா யாரு கை வச்சது?"

"யாரும் வைக்கல சார். ரூபினி நேத்து நாலரைக்கு முடிச்சு பென்டிரைவ்ல போட்டா. காலைல நான் வாங்கி, ஃபைல் இருக்கான்னு மட்டும் பார்த்தேன்."

"எதுல பார்த்தீங்க?"

"என் லேப்டாப்லதான்."

"அதான்லா," என்றார் குணாளன். குரல் தேவைக்கு மேல் ஏறிவிட்டது. "உங்க லேப்டாப்ல என்னென்ன வைரஸ் இருக்கோ. ஆறு மாசம் புள்ள செஞ்சத ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டீங்களே டீச்சர்."

பெற்றோர் பக்கம் நாலைந்து தலைகள் திரும்பின. பிரமிளா டீச்சரின் முகம் சிவந்தது. ஆறு மாதமாக எல்லாச் சனிக்கிழமையும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடற்பாலம் கடந்து வந்து, அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்தவர் அவர். "இருக்கலாம் சார்," என்றார் கடைசியில். "எனக்குத் தெரியல."

அந்த நேரத்தில்தான் இக்மல் சிவப்புப் பெட்டியின் மூலையில் இருந்த குறியைத் தட்டினார். கோளாறின் விவரம் விரிந்தது. அவர் அதை நடுவர் மர்ஜானாவுக்கு மலாயில் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"பாரிஸ் சத்து. அக்சாரா பெர்த்தாமா." முதல் வரி, முதல் எழுத்து.

கயிற்றைப் பிடித்திருந்த குணாளனின் கை அப்படியே நின்றது.

இங்கே குணாளனைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் சுழி போடாமல் அவர் எதையும் தொடங்கமாட்டார். மளிகைச் சாமான் பட்டியலின் தலையில் உ. லீவு பாரத்தின் மூலையில் உ. புதுக் கார் வாங்கியபோது அதன் கையேட்டின் முதல் பக்கத்தில் உ. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது எழுதுகிற நோட்டிலும் போடுவார். புதிதாக வந்த சூப்பர்வைசர் அதை இரண்டு என்று நினைத்து, ஒன்றாம் பக்கம் எங்கே என்று அரை நாள் தேடினார்.

நேற்று சாயங்காலம் ரூபினி பென்டிரைவை அவர் கையில் கொடுத்து, "அப்பா, பத்திரமா பேக்ல வச்சிருங்க," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவர் பேக்கில் வைத்திருக்கலாம். உலகத்தில் வேறு எந்த அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் மகள் அப்படி என்னதான் செய்திருக்கிறாள் என்று ஒருமுறை பார்க்க ஆசை. லேப்டாப்பில் செருகினார். தட்டினால் திறக்கவில்லை. எதைக் கொண்டு திறப்பது என்று கேட்டது. வேலையிடத்தில் மெஷின் பதிவுகளைப் பார்க்கும் பழக்கத்தில் நோட்பேடைத் தேர்ந்தெடுத்தார். வண்ணக் கட்டம் ஒன்றையும் காணோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வளைவுகளும் அடைப்புக்குறிகளும் எண்களுமாக நிரம்பியிருந்தது. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனையும் என் பிள்ளையா செய்தாள்? இத்தனையையும் கொண்டுபோய் அத்தனை பேர் முன்னால் வைக்கப்போகிறாள், தலையில் சுழி இல்லையே.

லேப்டாப்பில் தமிழில் தட்டச்சு செய்ய முடியாது. குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய காலை வணக்கத்திலிருந்து அந்த ஒரே எழுத்தை வெட்டி, முதல் வரியில், முதல் அடைப்புக்குறிக்கும் முன்னால் ஒட்டினார். மூடும்போது, சேமிக்கவா என்று கேட்டது. சேமி என்றார். மனசு நிம்மதியாகி, பென்டிரைவைப் பேக்கில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இப்போது மணி பத்து ஐம்பத்தாறு. விஷயம் தெரிந்த ஆள் இந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். கோப்பு கெட்டுவிட்டது, யாருக்கும் ஏன் என்று தெரியாது, பங்கேற்ற சான்றிதழோடு வீட்டுக்குப் போகலாம். பேசினால், பெற்றோர் கை வைத்தார் என்று ஆகிவிடும். நீக்கம் என்று பாரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளியில், அப்பா செய்து கொடுத்த புரோகிராம் என்று பேசுவார்கள். குணாளன் சன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டாவது கணினியில் ரூபினி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சரியா சேவ் பண்ணல போல, டீச்சர்," என்றாள். "அவசரமா பிடுங்கிட்டேன்."

"இல்லம்மா, அப்பா சொல்ற மாதிரி என் லேப்டாப்பாதான் இருக்கும். மன்னிச்சுக்கோ."

குற்றம் செய்யாத இரண்டு பேர் அதைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். குணாளனால் அதைத் தாங்க முடியவில்லை. கயிற்றைத் தூக்கி அந்தப் பக்கம் போனார். யாரோ "என்சிக், என்சிக்" என்று மலாயில் ஐயா போட்டுக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

"நான்தான் கை வச்சேன்," என்றார். தமிழில் சொன்னது நடுவருக்குப் புரியாது என்று நினைவு வந்து மலாயிலும் சொன்னார். "நேத்து ஏழே முக்காலுக்கு. டீச்சர் மேல தப்பில்ல. புள்ளை மேலயும் தப்பில்ல."

ரூபினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மர்ஜானா என்ற அந்த நடுவர் கண்டிப்பான பெண்மணி. என்ன மாற்றினீர்கள் என்றார். குணாளன் விளக்கினார். சாமி பெயர் மலாயில் வந்தது, சுழி மட்டும் வரவே இல்லை. காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். இக்மல் கோப்பை நோட்பேடில் திறந்தார். முதல் வரியில், அத்தனை அடைப்புக்குறிகளுக்கும் முன்னால், ஒண்டியாக உட்கார்ந்திருந்தது உ.

நடுவர் இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். இருவரும் பாரத்தைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். மணி பதினொன்று பத்தைத் தாண்டியது. ஒலிபெருக்கியில் ரூபினியின் பெயரை அழைத்தார்கள். பதினொன்று பன்னிரண்டு. குணாளன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார், சட்டைப் பையில் விட்டார்.

கடைசியில் மர்ஜானா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இனி புக்கான் தோலோங், என்சிக்," என்றார். இதை உதவி என்று சொல்ல முடியாது என்று அர்த்தம். உதவியாக இருந்தால் நீக்கியிருப்பார்களாம். இது வேறு எதுவோ. அந்த ஓர் எழுத்தை அழிக்கலாம். ஆனால் அதைப் பிள்ளைதான் அழிக்க வேண்டும். போன நேரம் போனதுதான்.

ரூபினி நாற்காலியை முன்னால் இழுத்தாள். சுட்டியை முதல் வரிக்குக் கொண்டுபோனாள். ஒரு விநாடி நிறுத்தினாள். பிறகு அழித்தாள், சேமித்தாள், இம்போர்ட்டைத் தட்டினாள்.

கட்டங்கள் வந்து இறங்கின. மஞ்சளும் நீலமும் பச்சையுமாக, மேலிருந்து கீழே, ஆறு மாதம் முழுவதும். மண்டபத்தின் பெரிய திரையிலும் அதுவே தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கட்டத்தின் தலைமாட்டில், ஒரு சின்ன மஞ்சள் குறிப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஓர் எழுத்து.

உ.

"முதல் நாளே போட்டுட்டுத்தான் ஆரம்பிச்சா சார்," என்றார் பிரமிளா டீச்சர் மெதுவாக. "ஃபைல்ல அது நம்பரா மாறிடும். நோட்பேட்ல பார்த்தா தெரிஞ்சிருக்காது."

குணாளன் டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், நான் சொன்னதெல்லாம்..." என்று தொடங்கினார். "வாய் நீளம் எனக்கு. மன்னிச்சிருங்க." டீச்சர் தலையசைத்தார். ஆனால் உடனே சிரித்துவிடவில்லை, அதுவும் நியாயம்தான்.

மிச்சமிருந்தது ஆறு நிமிடம். ரூபினி பேசினாள். ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். சென்சார் அலறியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குணாளன் ஒரே இடத்தில் நின்று அதைக் கேட்டார். நிரலின் கடைசி இரண்டு பகுதிகளை விளக்க நேரம் போதவில்லை, மணி அடித்துவிட்டது. பரிசு வருமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. தலைமாட்டில் சுழி இல்லை என்று நினைத்துவிட்டோமே என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மகள் வெளியே வந்ததும், "நீ போட்டிருக்கேன்னு சொல்லவே இல்லியேம்மா," என்றார்.

"நீங்க கேக்கலியேப்பா." அவள் கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். "அது கமென்ட்டு. அங்க என்ன எழுதினாலும் கம்ப்யூட்டர் படிக்காது. நம்மதான் படிப்போம்."

குணாளன் வழக்கம்போலக் கையை நீட்டினார். "பென்டிரைவக் குடு, பத்திரமா வைக்கிறேன்."

ரூபினி அந்தக் கையைப் பார்த்தாள். பென்டிரைவைத் தன் பள்ளிச் சீருடையின் பைக்குள் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்பா," என்றாள். பிறகு வெறுமையாக நீட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.